கொழுப்பு மாறிய கதை

நல்லெண்ணத்தால் விளைந்த கேடுகளுக்குச் சரித்திரத்தில் பஞ்சமில்லை. எனக்கு அடிக்கடி நினைவு வருவது அமெரிக்க உருளைக்கிழங்கு வறுவலின் விஷயம்.

1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில், மெக்டொனால்டு சகோதரர்கள் சமையலைத் தொழிற்சாலை வேலைபோல் பங்கிட்டு, 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்றார்கள். கடை ஊரெங்கும் பெருகிற்று. வறுவல் மாட்டுக்கொழுப்பில் பொரிந்தது. இருதயத்துக்கு ஆகாதென்று கூக்குரல் எழவே, 1990-ல் ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்க்கு மாறினார்கள்.

விதியைப் பாருங்கள்! அதே ஆண்டில் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் என்ற இருவர் ஆராய்ந்து சொன்னார்கள்: அவ்வகை எண்ணெயிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்லதையும் இறக்கிவிடுகிறது. நம் பழைய வனஸ்பதியும் அதே ஜாதிதான். அதைப் பாதுகாப்பானதென்று கொள்ள முடியாதென அமெரிக்க அரசு தீர்மானித்தது 2015-ல்.

25 வருஷம்! வறுவலைக் குறைப்பதைவிட எண்ணெயை மாற்றுவது சுலபமாகத் தோன்றியதே, அதுதான் என்னை உறுத்துகிறது.