தலைமைப் போட்டியில் ஆதரவு அணிகள்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

கட்சித் தலைமைக்கோ முதல்வர் வேட்பாளர் இடத்துக்கோ ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் மோதும்போது, தொண்டர்களும் நிர்வாகிகளும் தமக்கு உகந்தவர் பக்கம் அணி திரள்கிறார்கள். தமிழக அரசியல் வரலாற்றில் இதற்கு நீண்ட தொடர்ச்சி உண்டு. 1988 முதல் 2024 வரை அ.தி.மு.க.வை உலுக்கிய தலைமைப் போட்டிகள் அனைத்திலும் இன்றைய தேனி மாவட்டத்துக்கு நேரடிப் பங்கு இருந்தது. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்ட சிறிய மாவட்டம் இது. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் கட்சிக்குள் முதனிலைத் தேர்தல் நடக்கிறது. அங்கும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாதாரண வாக்காளருக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான முதனிலைத் தேர்தல்களில் வென்றும், குடியரசுக் கட்சி மாநாடு வில்லியம் டாஃப்டையே வேட்பாளராக்கியது. 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் நிற்காமல், மாநாட்டுப் பிரதிநிதிகளின் பலத்தால் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகுதான், 1972 தேர்தலிலிருந்து, முடிவு செய்யும் அதிகாரம் சாதாரண வாக்காளர் கைக்குப் பெருமளவு போனது. தலைமையைத் தீர்மானிப்பவர் உறுப்பினரா நிர்வாகியா என்பதே அந்தப் போராட்டத்தின் மையம். தேனியின் கதைக்கும் அதுதான் மையம்.

முன்னோடிகள்

உட்கட்சிப் போட்டி தமிழகத்துக்குப் புதிதல்ல. 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்கு சத்தியமூர்த்தியின் ஆதரவுடன் காமராஜரும், ராஜாஜியின் ஆதரவுடன் சி.பி. சுப்பையாவும் மோதினர். மூன்றே வாக்குகளில் காமராஜர் வென்றார். 1954-இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். தோற்ற சுப்பிரமணியத்தைக் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். வாக்கெடுப்பு முறையாக நடந்து கணக்கும் தெரிந்துவிட்டால், தோற்றவர் கட்சியைவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் வாக்களித்தவர்கள் நிர்வாகிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் மட்டுமே. கிளைத் தொண்டருக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தை எழுத்தில் கொடுத்த கட்சி அ.தி.மு.க. 1972 அக்டோபர் 17-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய அக்கட்சியின் விதிகளின்படி, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற விதிகளைப் பொதுக்குழு திருத்தலாம். இந்த விதியை மட்டும் திருத்த முடியாது என்ற காப்பும் இருந்தது. தி.மு.க. பொதுக்குழுவில் பலம் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், தம் பலம் தொண்டரிடம் இருக்கிறது என்று நம்பியவர், எழுதிய விதி அது. சின்னமனூரிலோ வருசநாட்டிலோ உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் கிளைத் தொண்டருக்கும் தலைமையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வாக்கு உண்டு என்பது அதன் பொருள்.

ஆண்டிபட்டியும் போடியும், 1984–1989

1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி ஆண்டிபட்டி. அவர் அப்போது நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். ஒருநாள்கூடத் தொகுதிக்கு வர முடியாத வேட்பாளரை அந்த ஊர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வெற்றிபெற வைத்தது. 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்ததும் கட்சி இரண்டானது. 1988 ஜனவரியில் முதல்வரான அவர் மனைவி வி.என். ஜானகியின் அரசு அம்மாத இறுதியிலேயே கலைக்கப்பட்டது. கட்சிச் சின்னமான இரட்டை இலை முடக்கப்பட, ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் சின்னங்களாயின.

எம்.ஜி.ஆரின் அரசியல் வாரிசு யார் என்ற கேள்விக்குக் கட்சிக்குள் வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டும். நடக்கவில்லை. ஆகவே 1989 ஜனவரி 21 சட்டமன்றத் தேர்தலே உட்கட்சித் தேர்தலாகவும் ஆனது. இரு தலைவர்களும் இதே வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தனர். கணவரின் ஆண்டிபட்டியில் ஜானகி நின்றார். அங்கிருந்து 35 கிலோமீட்டருக்குள் இருக்கும் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா நின்றார். அவரை எதிர்த்து ஜானகி அணி நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நிறுத்தியது. நேற்றுவரை ஒரே கொடியைத் தூக்கிய குடும்பங்கள் சேவல் பக்கமும் புறா பக்கமுமாகப் பிரிந்து சுவரெழுதின.

ஆண்டிபட்டியில் தி.மு.க.வின் ஆசையன் வெல்ல, ஜானகி தோற்றார். போடியில் ஜெயலலிதா வென்று, தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். மாநில அளவில் அவரது அணி 27 இடங்களைப் பிடித்தது. அடுத்த சில வாரங்களில் ஜானகி அரசியலிலிருந்து விலக, அணிகள் இணைந்து இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு தேர்தல் முப்பதாண்டு அரசியலைத் தீர்மானித்தது. ஆனாலும் அது தொண்டர் மட்டும் அளித்த தீர்ப்பு அல்ல. பொது வாக்காளரிடம் கடன் வாங்கிப் பெற்ற தீர்ப்பு. அதற்கு விலையாக ஆட்சி தி.மு.க.விடம் போனது.

போடியில் நிர்மலாவுக்காக வேலை பார்த்தவர்களில் பெரியகுளத்தைச் சேர்ந்த ஓ. பன்னீர்செல்வமும் ஒருவர். தோற்ற அணியில் இருந்தவருக்குக் கட்சியில் வழி அடைபடவில்லை. 1996-இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001-இல் சட்டமன்ற உறுப்பினர், அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர் என உயர்ந்தார். 1999-இல் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் வென்ற டி.டி.வி. தினகரனின் செல்வாக்கு வட்டத்தில் இருந்துதான் அவர் மேலே வந்தார். 2002-இல் ஆண்டிபட்டி சட்டமன்ற உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வன் தம் இடத்தை விட்டுக்கொடுக்க, பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா அங்கே வென்றார். மார்ச் 2-இல் மீண்டும் முதல்வரானார். ஜெயலலிதா இருந்தவரை பொதுச்செயலாளர் தேர்தல் அறிவிக்கப்படும், தொண்டர்கள் அவர் பெயரில் மனுக்கள் கொடுப்பார்கள், போட்டியின்றி முடியும். 2014-இல் ஏழாவது முறையாக அப்படித் தேர்வானார்.

நான்கு உறுப்பினர்கள், மூன்று வழிகள்

2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தபோது தேனியின் நான்கு தொகுதிகளும் அ.தி.மு.க. வசம் இருந்தன. போடியில் பன்னீர்செல்வம், ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன், பெரியகுளத்தில் கதிர்காமு, கம்பத்தில் எஸ்.டி.கே. ஜக்கையன். அடுத்த பத்து மாதங்களில் இந்த நால்வர் எடுத்த நிலைகள் ஒன்றோடொன்று மோதின.

2017 பிப்ரவரி 5-இல் சட்டமன்றக் கட்சித் தலைவராக ஜெயலலிதாவின் தோழி வி.கே. சசிகலா தேர்வானார், முதல்வர் பன்னீர்செல்வம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 7-ஆம் தேதி இரவு அவர் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்துவிட்டு, தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொன்னார். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். தேனி மக்களவை உறுப்பினர் ஆர். பார்த்திபன் பன்னீர்செல்வம் பக்கம் போனார். பன்னீர்செல்வத்துடன் போகாமல் மற்ற மூன்று சட்டமன்ற உறுப்பினர்களும் சசிகலா தரப்பில் நின்றனர். பிப்ரவரி 18-இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் சசிகலா தரப்பின் முதல்வரான எடப்பாடி கே. பழனிசாமி 122–11 என வென்றார். சொந்த மாவட்டத்தின் சக உறுப்பினர் ஒருவர்கூடப் பன்னீர்செல்வத்துடன் சேர்ந்து வாக்களிக்கவில்லை. பன்னீர்செல்வமும் தினகரனும் தங்க தமிழ்ச்செல்வனும் முக்குலத்தோர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே இந்தப் பிளவைச் சாதிக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது.

ஆகஸ்ட் 21-இல் பன்னீர்செல்வம், பழனிசாமி அணிகள் இணைந்தன. மறுநாள் தினகரன் தரப்பினர் 19 பேர் ஆளுநரிடம் முதல்வர்மீது நம்பிக்கையில்லை எனக் கடிதம் கொடுத்தனர். தேனியின் மற்ற மூவரும் அதில் இருந்தனர். கம்பம் ஜக்கையன் மட்டும் பிறகு பழனிசாமி பக்கம் திரும்பினார். அதனால் செப்டம்பர் 18-இல் பதவி பறிக்கப்பட்டோர் 19 பேராக இல்லாமல் 18 பேரானார்கள். 2018 அக்டோபர் 25-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தது.

இடையில் 2017 செப்டம்பர் 12 பொதுக்குழு செய்த காரியம் தொண்டர் உரிமையின் வரலாற்றில் முக்கியமானது. பொதுச்செயலாளர் பதவி ஜெயலலிதாவுக்கே உரியது எனக் கூறி, அதிகாரம் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற புதுப் பதவிகளுக்கு மாற்றப்பட்டது. எம்.ஜி.ஆர். காப்புப்போட்ட நேரடித் தேர்தல் உரிமை, மரியாதையின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டது. இதில் பன்னீர்செல்வத்துக்கும் பங்கு உண்டு. 2022-இல் அவர் தொண்டர் உரிமையைப் பற்றிப் பேசியதெல்லாம் நியாயமே. ஆனால் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஐந்தாண்டுகளில் அந்த உரிமைக்கு அவர் உயிர் கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

2019 ஏப்ரல் 18-இல் தேனி மக்களவைத் தேர்தலும், ஆண்டிபட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல்களும் சேர்ந்து நடந்தன. மக்களவைக்குப் பன்னீர்செல்வத்தின் மகன் ப. ரவீந்திரநாத், காங்கிரஸின் ஈ.வெ.கி.ச. இளங்கோவன், தினகரன் கட்சியான அ.ம.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் ஆகியோர் மோதினர். ரவீந்திரநாத் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தமிழகத்தில் அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. தங்க தமிழ்ச்செல்வன் 1.44 லட்சம் வாக்குகள் பெற்று மூன்றாம் இடம் வந்தார். ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், இரு சட்டமன்றத் தொகுதிகளும் தி.மு.க.வுக்குப் போயின. ஆண்டிபட்டியில் அ.தி.மு.க.வின் லோகிராஜனைத் தோற்கடித்த தி.மு.க. வேட்பாளர் மகாராஜன், அவருடைய உடன்பிறந்தவர். மக்களவைக்கு ஒரு கட்சியையும் சட்டமன்றத்துக்கு மற்றொன்றையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வாக்காளர்களுக்கு, தம் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா?

இரண்டே மாதத்தில், 2019 ஜூன் 28-இல், தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க.வில் சேர்ந்தார். 2021-இல் போடியில் பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்று 11,021 வாக்குகளில் தோற்றார். மாவட்டத்தின் மற்ற மூன்று தொகுதிகளையும் தி.மு.க. வென்றது.

ஒற்றைத் தலைமைப் போட்டி

2020 அக்டோபர் 7-இல் பழனிசாமியை முதல்வர் வேட்பாளராகப் பன்னீர்செல்வமே அறிவித்திருந்தார். ஆட்சி போன பிறகு போட்டி மேலெழுந்தது. 2021 டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கு அடிப்படை உறுப்பினர்கள் ஒற்றை வாக்கால் தேர்ந்தெடுக்கலாம் என விதி திருத்தப்பட்டது. மனு வாங்கப் போன தொண்டர் ஒருவர் தலைமை அலுவலக வாசலிலேயே தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. டிசம்பர் 6-இல் பன்னீர்செல்வமும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது.

2022 மார்ச் 2-இல் பெரியகுளம் அருகே கைலாசபட்டியில் உள்ள பன்னீர்செல்வத்தின் பண்ணை வீட்டில், மாவட்டச் செயலாளர் எஸ்.பி.எம். சையதுகான் தலைமையில் தேனி நிர்வாகிகள் கூடி, சசிகலாவையும் தினகரனையும் மீண்டும் சேர்க்கத் தீர்மானம் போட்டனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்களை எதிர்த்துக் கிளம்பிய அணியின் சொந்த மாவட்டம் எடுத்த முடிவு இது. சில நாளில் சசிகலாவைச் சந்தித்த பன்னீர்செல்வத்தின் தம்பி ஓ. ராஜா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஜூன் 23-இல் வானகரம் பொதுக்குழுவில் 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட, பன்னீர்செல்வம் வெளியேறினார். அவர்மீது தண்ணீர் பாட்டில் வீசப்பட்டது. ஜூலை 11 பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தை நீக்கியது. அதே காலையில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் மோதல் நடந்து, கட்டடத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. தேனியில் அவருக்கு ஆதரவு இருந்தது. ஆனால் கணக்கெடுக்கப்பட்டது சுமார் 2,600 பொதுக்குழு உறுப்பினர்களின் கையொப்பம். அதில் பெரும்பான்மை பழனிசாமியிடம் இருந்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஆகஸ்ட் 17-இல் பன்னீர்செல்வத்துக்குச் சாதகமாகவும், இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 2-இல் எதிராகவும் தீர்ப்பளித்தனர். 2023 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் பின்னதை உறுதிசெய்தது.

ஜூலை 11 பொதுக்குழு பொதுச்செயலாளர் பதவியையும் நேரடித் தேர்தலையும் மீட்டது. கூடவே நிபந்தனைகளும் வந்தன: போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழக நிர்வாகியாக ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும். உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலைக் குறுக்கிய ஏற்பாடு இது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இந்திய எடுத்துக்காட்டு உண்டு: 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். தரூர் தோற்றார், கட்சியிலேயே தொடர்ந்தார்.

2024-இல் பன்னீர்செல்வம் இராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் நின்று இரண்டாம் இடம் பெற்றார். அவர் ஆதரித்த தினகரனைத் தேனியில் தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் 2.78 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார், அ.தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. இரட்டை இலையை எம்.ஜி.ஆர். காலம் முதல் தாங்கிய மண்ணில் இது நடந்ததற்கு அணிச் சண்டையே முதன்மைக் காரணம்.

மீட்கப்பட்ட நேரடித் தேர்தல் விதிப்படி 2023 மார்ச்சில் நடந்த பொதுச்செயலாளர் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நாளாக 26-ஆம் தேதி குறிக்கப்பட்டிருந்தது. மனுச் செய்தவர் பழனிசாமி மட்டுமே. 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை மனுக்களைத் தள்ளியதும் அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என எந்த ஊரிலும் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட அந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டைத் தொடவில்லை.