புலி ஆர்க்கிட் கூறும் வரலாறு

சிங்கப்பூரின் தேசிய மலர் எதுவென வினவினால், மாணவர் பலர் தயங்காது விடை பகர்வர். 1981ஆம் ஆண்டில் அச்சிறப்பைப் பெற்ற வாண்டா மிஸ் ஜோக்கிம் ஒரு கலப்பின மலராகும். ஆனால், அத்தீவின் மழைக்காட்டில் இயற்கையாகவே வாழ்ந்த புலி ஆர்க்கிட்டை அறிந்தோர் சிலரே.

1825ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் புளூம் இதற்குக் கிராமட்டோஃபில்லம் ஸ்பெசியோசம் எனப் பெயர் சூட்டினார். இப்பெயரின் முற்பகுதி, எழுத்து, இலை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாகும். மஞ்சள் இதழ்களில் படர்ந்த செம்பழுப்புக் குறிகளே இப்பெயருக்குக் காரணம் என்பர். உயர்ந்த மரக்கிளைகளைப் பற்றி வளரும் இச்செடி, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மேல்நோக்கி நிற்கும் வேர்கள் கூடைபோல் அமைந்து, உதிரும் சருகுகளை ஏந்தி உரமாக்கிக் கொள்கின்றன. முதிர்ந்த செடி ஒரு டன்னுக்கு மேலும் எடை கொள்ளும். ஆதலின், இதனைத் தாங்கப் பெருமரம் வேண்டும்; பெருமரம் நிலைக்கக் காடு வேண்டும்.

அக்காடுதான் அழிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகச் சிங்கப்பூரின் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. மரங்கள் வீழ்ந்தபோது அவற்றைச் சார்ந்திருந்த செடிகளும் வீழ்ந்தன. காலப்போக்கில் புலி ஆர்க்கிட் அங்குக் காட்டில் அற்றுப்போயிற்று.

எனினும், தமிழர் 'பூமலை' என வழங்கும் தாவரவியல் பூங்காவில், 1861ஆம் ஆண்டில் நடப்பட்ட செடியொன்று இன்றளவும் வாழ்கிறது. பூங்காவில் ஒரு செடி வாழ்வதனால் மட்டும் ஓரினம் காட்டில் வாழ்வதாகிவிடாது. தூசியினும் நுண்ணிய ஆர்க்கிட் விதையில் முளைக்குத் தேவையான உணவில்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி அது முளைக்காது. கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கூழிட்டு விதையை முளைக்கச் செய்யும் முறையை, 1928ஆம் ஆண்டளவில் ஹோல்ட்டம் என்னும் அறிஞர் அப்பூங்காவில் தொடங்கினார். கலப்பின மலர்களை உருவாக்கப் பயன்பட்ட அக்கலையே, பின்னர் காட்டு மலரை மீட்கவும் உதவிற்று. 1990களின் இறுதியில் தொடங்கிய மீட்புப் பணியினால், குடுவையில் வளர்ந்த கன்றுகள் சாலையோர மரங்களிலும் பூங்கா மரங்களிலும் மீண்டும் ஏற்றப்பட்டன.

அழிப்பதற்குக் கோடரி போதுமானதாயிற்று. மீட்பதற்கோ பல தலைமுறைகளின் அறிவும் பொறுமையும் வேண்டியிருந்தன. மலேசியக் காடுகளுக்கும் உரிய செடி இது. மீட்கும் நிலை வருமுன் காப்பதே எளிது என்பதை நம் மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனாகும்.