காணிக் கச்சேரியும் தற்றுணிபும்: பட்டிப்பளைக் குடியேற்றம் பற்றிய சில குறிப்புகள்

கிழக்கு மாகாணக் குடியேற்றங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடிசனப் புள்ளிவிபரத்தோடு தொடங்கி அதனோடேயே முடிவுறுகின்றன. 1946 இல் மாகாணத்தில் 10 வீதத்துக்கும் குறைவாயிருந்த சிங்கள மக்கள் 1981 இல் ஏறத்தாழ 25 வீதமாயினர் என்பது பலரும் அறிந்ததே. எனினும், இம்மாற்றம் எவருடைய மேசையில், எவ்வகைத் தீர்மானங்களின் வழியாக நிகழ்ந்தது என்ற வினாவை நாம் போதிய அளவு எழுப்பவில்லை.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய நிலத்தை நிலமற்ற விவசாயிகளுக்கு அளிக்க வழிவகுத்தது. பகிர்வு காணிக் கச்சேரியில் நடைபெற்றது. விண்ணப்பகாரர் நேரில் நிற்பர். அரசாங்க அதிபரோ அவர் சார்பில் வேறோர் உத்தியோகத்தரோ விசாரிப்பர். காணியின்மை, குடும்பத்தின் அளவு, விவசாய அனுபவம் என்பன கவனிக்கப்பட்டன. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை எண்ணிவிடலாம். ஒருவர் நல்ல விவசாயியா என்பதை எண்ண முடியாது. உத்தியோகத்தரே அதை மதிப்பிட வேண்டும். தற்றுணிபு குடிகொள்ளும் இடம் இது.

ஆனால், 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டுப் பட்டிப்பளை ஆற்றை மறித்து சேனநாயக்க சமுத்திரம் அமைந்தபோது, இதனினும் பெரிய தற்றுணிபு ஒன்று செயற்பட்டது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் போடிமாரின் வயல்களில் உழைத்த நிலமற்றோர் பலர் இருந்தனர். கொள்கையளவில் மாவட்டத்தாருக்கே முதலிடம். எஞ்சிய காணிகளுக்கு சனநெருக்கம் மிகுந்த சிங்கள மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் கொணரப்பட்டன. உள்ளூரார் காட்டுப்புறம் செல்லத் தயங்கினர் என்று இதற்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆயினும், தயங்கியவர்களுக்காகக் காணியை எவ்வளவு காலம் ஒதுக்கிவைப்பது, வெற்றிடத்தை எந்த மாவட்டத்தாரைக் கொண்டு நிரப்புவது என்பவை தயங்கியவர்கள் எடுத்த தீர்மானங்கள் அல்ல. எந்தக் கச்சேரிக்கு எத்தனை துண்டுக் காணி என்பது முன்னரே முடிவானபின், விசாரணைக்கு அமர்ந்த உத்தியோகத்தர் எவ்வளவு நேர்மையாளராயினும் அவரால் திருத்தக்கூடியது சொற்பமே.

1956 யூன் மாதம் அரச கரும மொழிச் சட்டத்தை ஒட்டி எழுந்த வன்செயலில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் பலர் கொல்லப்பட்டனர். தமிழ்க் குடியேற்றவாசிகள் பலர் கரையோரத்துக்குத் திரும்பினர். 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை என்ற தனி மாவட்டமாயிற்று.

தமிழ்த் தலைமை இத்தெரிவுப் பிரச்சினையைத் தெளிவாகவே உணர்ந்திருந்தது. 1957 யூலை மாதத்துப் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, காணி பெறுவோரை மட்டுமன்றிக் குடியேற்றத் திட்டங்களில் வேலைசெய்வோரையும் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க இணங்கியது. கல்லோயாச் சபையின் நிருவாகத்துள் இருந்த பகுதி பற்றியோ, அது பரிசீலிக்கப்பட வேண்டியது என்று மட்டும் கூறி நின்றது. கசப்பான விலக்கு! 1958 ஏப்ரலில் உடன்படிக்கையே கிழித்தெறியப்பட்டது.

1965 மார்ச் மாதத்து டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை வேறு வழியை நாடியது. தெரிவுசெய்பவரை மாற்றாது, அவர் பின்பற்ற வேண்டிய வரிசையை அது வகுத்தது: முதலில் அம்மாவட்டத்து நிலமற்றோர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், பின்னர் ஏனைய பிரசைகள், அவர்களுள்ளும் தமிழருக்கு முன்னுரிமை. ‘தமிழ் பேசுவோர்’ என்ற சொல் முஸ்லிம்களையும் அணைத்தது. ‘பிரசைகள்’ என்ற சொல்லோ, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரைச் சத்தமின்றி வெளியே நிறுத்தியது. இவ்விரண்டாவது விடயத்தை எமது வரலாற்றெழுத்தாளர் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் இரு வழிகளையும் இணைக்க முயன்றது. மாகாணங்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பாசனத் திட்டங்களில் காணியின்மை, வருமானம், குடும்ப அளவு, விவசாயப் பின்னணி முதலான அளவுகோல்களை மத்திய அரசாங்கம் கருத்திற்கொள்ளும். அவற்றை நடைமுறையில் பிரயோகித்து ஆட்களைத் தெரிவதோ மாகாண சபையின் அதிகாரம். அதாவது, கச்சேரி மேசை மாகாணத்துக்குக் கிடைத்தது. ஆனால், அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியதாயிற்று. அதைப் பாராதீனப்படுத்தும் உறுதியில் சனாதிபதியின் முத்திரை வேண்டும்.