பெரம்பூரில் சங்கு ஊதிய இடம்
பெரம்பூர்ல பின்னி மில் நிலத்துல இப்போ எஸ்பிஆர் சிட்டி: 40 மாடியைத் தாண்டுற சொகுசு ஃபிளாட்கள், கூடவே ஆபீஸ், கடைகள்.

அங்கேதான் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் ஓடின. சாப்பிட அரை மணி நேரம்தான். கை கழுவி வர்றதுக்குள்ள சங்கு ஊதிடும். அந்தக் குறையிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் முக்கியமானது. 1921ல் பெரிய வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்புக் கலவரம். 1996ல் மில் மூடியது.

நான் ஐடி ஆள். மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுச் சாப்பிடுறவன். அங்கே ஒரு ஃபிளாட் வாங்க எனக்கும் ஆசைதான். ஆனா சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு வாங்கணும்னு 1918லயே அங்கே ஒருத்தர் எழுந்து நின்னிருக்காரு. நான் இன்னும் கேட்கலை.