மலைச்சரிவின் பசு

ஆங்கிலேயர் வளைத்துப்போட்டுக் கரும்பு விளைவித்த தீவு ஜமைக்கா. 1838இல் அடிமைத்தளை முற்றிலும் அறுந்தபோதும், சமவெளியின் நல்ல நிலம் பெரும்பாலும் தோட்ட முதலாளிகளிடமே தங்கிவிட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலருக்கு மிஞ்சியவை மலைச்சரிவுகளே. பாப்டிஸ்து சபைப் போதகர்கள் நிலம் வாங்கிப் பங்கிட்டு, அம்மக்கள் குடியேற ஊர்கள் அமைத்துக் கொடுத்தனர். நம் பிரிந்த சகோதரருக்குரிய அப்பெருமையை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மலைநாட்டுச் சிறு விவசாயக் குடும்பம் ஒன்றில், போர்ட்லண்ட் பகுதியில், 1904இல் பிறந்தவர் தாமஸ் பிலிப் லெக்கி. சிறு குடியானவனுக்கு ஏற்ற பசு எது என்பதே அவர் வாழ்நாளெல்லாம் விடைதேடிய வினா.

ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கறவை மாடுகள் வெப்பமண்டல வெயிலில் மூச்சிரைத்தன. உண்ணிகள் பரப்பிய காய்ச்சலில் மாண்டன. பிழைத்தவையும் எதிர்பார்த்த பாலைத் தரவில்லை. கரும்புத் தோட்டங்களில் வண்டியிழுக்க இந்தியாவிலிருந்து வந்த திமில் மாடுகளோ வெயிலையும் உண்ணியையும் தாங்கின, பால்தான் குறைவு. இரண்டையும் கலந்தால் போதாதா என நாம் கேட்கலாம். கலப்பின் முதல் தலைமுறை செழிப்பாக அமைவது வழக்கமே. கலப்பினத்தைக் கலப்பினத்தோடு சேர்க்கும்போதுதான் குணங்கள் சிதறுகின்றன. ஒரு கன்று வளர்ந்து நன்றாகக் கறக்கும், ஆனால் வெயிலில் வாடும்; அதன் தங்கை வெயிலைப் பொருட்படுத்தாது, மடியோ வற்றிக் கிடக்கும். நற்குணங்கள் நிலைபெறவேண்டுமானால் தலைமுறைதோறும் பால் அளந்து, பதிவேடு எழுதி, தேறாதவற்றை விலக்கவேண்டும். காளையின் தரமோ அக்காலத்தில் அதன் மகள்கள் ஈன்று கறந்த பின்னரே தெரியவரும். அதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். அவசரக்காரருக்கான பணியன்று இது.

கனடாவிலும் எடின்பரோவிலும் பயின்ற லெக்கி, கிங்ஸ்டன் நகரையடுத்த ஹோப் அரசுப் பண்ணையின் பதிவேடுகளில் மூழ்கினார். உருவில் சிறியதும், குறைந்த தீவனத்தில் நிறைவு காண்பதுமான ஜெர்சியையே அடிப்படையாகக் கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்து அங்கே சென்றிருந்த சாகிவால் காளையின் இரத்தம் வெப்பத்தைத் தாங்கும் வலிமையைத் தந்தது. ஏறத்தாழ 80 விழுக்காடு ஜெர்சி, 15 விழுக்காடு சாகிவால், 5 விழுக்காடு ஹோல்ஸ்டீன் என அமைந்த புதிய இனம், 1952இல் 'ஜமைக்கா ஹோப்' என்னும் பெயரில் அங்கீகாரம் பெற்றது. ஹோப் என்றால் நம்பிக்கை அல்லவா, மறையுரைக்கு எத்துணை வசதியான சொல்! ஆனால் அது அந்நிலத்தின் பழைய உரிமையாளரான ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் குடும்பப் பெயர்தான்.

எளிய மேய்ச்சலிலேயே ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2500 கிலோ பால் தந்த இப்பசு அண்டைத் தீவுகளுக்கும் பரவியது. லெக்கி அதோடு நில்லாமல், இறைச்சிக்கென ஜமைக்கா சிவப்பு, ஜமைக்கா கறுப்பு முதலிய இனங்களையும் உருவாக்கினார்.

1990களின் தொடக்கத்தில், கடன் வாங்கிய நாட்டுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளால் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. ஐரோப்பிய அரசுகளின் மானியத்தில் மலிவாகிய பால்பவுடர் வந்து குவிந்தது. விலைபோகாத பாலை ஜமைக்காவின் பண்ணையாளர்கள் நிலத்தில் கொட்டினர். வெயிலையும் உண்ணியையும் வென்ற மாட்டுக்கு இந்தப் பகைவனை எதிர்க்கும் வலிமையை எந்தப் பதிவேட்டைப் புரட்டித் தேர்ந்தெடுப்பது? அடுத்த இருபது ஆண்டுகளில் தீவின் பால் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கியது. லெக்கி 1994இல் இறந்தார். அவர் உருவாக்கிய இனத்தின் மந்தை போடில்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்பட்டு வருகிறது.