ஆன் ஆகாத பொட்டியும் சித்தப்பா மேல விழுந்த பழியும்

பொங்கலுக்கு போடிக்குப் போயிருந்தேன். போகிக்கு முந்தின நாள் சித்தி பரண்ல கிடந்ததையெல்லாம் இறக்கிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பித்தளை அண்டா, ஒடஞ்ச ஊஞ்சப் பலகை, அதுக்குப் பின்னாடி சாக்கு சுத்தின ஒரு கம்ப்யூட்டர் பொட்டி.

"பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிப் போட்டுரலாம்ப்பா. இந்தச் சனியனாலதான் உங்க சித்தப்பா கடையே போச்சு"ன்னாங்க.

சென்னையில பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் நான். இரும்புக்காரன்கிட்ட விடுவேனா? சாக்கைப் பிரிச்சு, நாலு ஸ்க்ரூ கழட்டி, தூசியை ஊதிட்டு உள்ள பார்த்தேன். பார்த்த ரெண்டாவது நிமிஷம் விஷயம் புரிஞ்சு போச்சு. புரிஞ்சப்ப சந்தோஷம் வரல, ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா இருபது வருஷமா எங்க குடும்பத்துல சொல்லிக்கிட்டு இருந்த கதை தப்பு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2002ல சித்தப்பா போடியில ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தார். டி.டி.பி., டைப்பிங் கிளாஸ், கல்யாணப் பத்திரிகை. அதோட ஏலக்காய் வியாபாரிங்களுக்கு அவரே பாகம் வாங்கி அசெம்பிள் பண்ணிக் கொடுப்பார். போடியில ஏலக்காய் வியாபாரம் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மேல மலையில காய் எடுத்து, ஸ்டோர்ல உலர்த்தி, மூட்டை மூட்டையா கீழ இறங்கும். எல்லாக் கணக்கும் நீளமான சிவப்பு அட்டை நோட்டுல. "இதையெல்லாம் பொட்டியில ஏத்திரலாம் முதலாளி"ன்னு கடை கடையா ஏறி இறங்கிச் சொன்ன ஆள் எங்க சித்தப்பா. 2003 கடைசியில 11 பொட்டி வித்தார். எல்லாம் பென்டியம் 4, எல்லாத்துலயும் ஒரே மாடல் மதர்போர்டு.

2005 கோடையில ஆரம்பிச்சது வினை. பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்தும், லைட் எரியும், திரையில ஒண்ணும் வராது. ஆஃப் பண்ணி மறுபடி போட்டா நாலாவது தடவை வரும். ஒருதரம் வந்துட்டா சாயங்காலம் வரை ஓடும், மறுநாள் காலையில பழைய குருடி கதவத் திறடி. கொஞ்ச நாள்ல எக்ஸ்.பி. லோகோ வரும்போதே ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் சுத்தமா உசுரு போயிரும்.

ஊர்ல பாதிப் பேரு "போடி கரண்டு அப்பிடி"ன்னாய்ங்க. மீதிப் பேரு "டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டான்"னாய்ங்க. சாமான் கொடுத்த மொத்த வியாபாரி "வோல்டேஜ் அடிச்சிருக்கு, வாரண்டி கிடையாது"ன்னு கை விரிச்சுட்டார். சித்தப்பா சொந்தக் காசுல நாலு போர்டு மாத்திக் கொடுத்தார். சித்தியோட செயின் அடகுக்குப் போச்சு. மாத்தின போர்டுலயும் ரெண்டு திரும்பி வந்துச்சு. 2006ல கடைக்குப் பூட்டு. நான் அப்ப மூணாங்கிளாஸ் முடிச்சிருந்தேன். கடையில இருந்த சுத்துற நாற்காலி வீட்டுக்கு வந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கு.

அடுத்த வருஷம், 2007ல, ஸ்பைசஸ் போர்டு போடி ஏலக்காய் ஏலத்தையே கம்ப்யூட்டருக்கு மாத்திருச்சு. வாயால கூவி ஏலம் கேட்டவங்க திரை முன்னாடி உக்காந்து பட்டனை அமுக்க ஆரம்பிச்சாங்க. சித்தப்பா சொன்னது நடந்துச்சு, ஆனா அவர் அப்ப எஸ்டேட்ல கணக்குப்பிள்ளை. மறுபடியும் சிவப்பு அட்டை நோட்டு.

சரி, இப்ப பொட்டிக்குள்ள வருவோம். பட்டனை அமுக்கினதும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

பூட் ஆகுறதுன்னு சொல்றோமே, அந்த வார்த்தை ஷூவோட பின்பக்கம் இருக்கற வாரைப் பிடிச்சு தன்னைத் தானே தூக்கிக்கிறதுங்கற பழைய ஆங்கில வழக்குல இருந்து வந்தது. புரோகிராம் ஏத்தணும்னா ஏத்துறதுக்கு ஒரு புரோகிராம் வேணும், அதை யாரு ஏத்துறது? இந்தச் சிக்கலுக்கு விடைதான் போர்டு மேல நிரந்தரமா உக்காந்திருக்கற பயாஸ். அந்தப் பேரை 1975ல தன்னோட சி.பி.எம். சிஸ்டத்துக்காக வச்சவர் கேரி கில்டால். 1981 ஆகஸ்ட்ல வந்த ஐ.பி.எம். பி.சி.யில பயாஸே முதல்ல மெமரி, கீபோர்டு எல்லாத்தையும் ஒரு நோட்டம் விட்டுட்டு, நல்லா இருந்தா ஒரு "பீப்" அடிக்கும். அப்புறம்தான் டிஸ்க்கோட முதல் 512 பைட்டைப் படிச்சு மேற்கொண்டு போகும்.

இதெல்லாம் நடக்க பிராசசருக்குச் சுத்தமான கரண்டு வேணும். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கறது 12 வோல்ட். பென்டியம் 4 கேக்கறது சுமார் 1.5 வோல்ட், ஆனா 40 ஆம்பியர் அளவுக்கு. அதைக் குறைச்சுக் கொடுக்கற சர்க்யூட் பிராசசர் பக்கத்துலயே இருக்கும். அதைச் சுத்தி வரிசையா நிக்கற சின்னச் சின்ன அலுமினிய டப்பாதான் கெப்பாசிட்டர். மொட்டை மாடி தண்ணித் தொட்டி மாதிரி வச்சுக்குங்க. முனிசிபாலிட்டி தண்ணி விட்டு விட்டு வந்தாலும் தொட்டி இருந்தா குழாய்ல சீரா வரும். தொட்டி ஓட்டையானா? குழாய் திக்கும். பிராசசரும் அப்படித்தான், கண்ணைத் திறக்கறதுக்குள்ள மயங்கி விழுந்துரும். "பீப்" வரவே வராது.

சித்தப்பா பொட்டியில பிராசசரைச் சுத்தி இருந்த 9 கெப்பாசிட்டர்ல 6 தலை வீங்கிப் போய் இருந்துச்சு. அந்த டப்பா தலையில கூட்டல் குறி மாதிரி கீறல் இருக்கும். உள்ள அழுத்தம் கூடினா வெடிக்காம அந்த வழியா பிரியட்டும்னு போட்டது. அந்தக் கீறல் விரிஞ்சு, காஞ்சு போன காப்பித் தூள் மாதிரி பழுப்பா ஒண்ணு வெளிய வந்திருந்துச்சு.

இதுக்குப் பின்னாடி உலக அளவுல ஒரு கதை இருக்கு. "கெப்பாசிட்டர் கொள்ளை நோய்"னே பேரு. சுமார் 1999ல இருந்து 2007 வரைக்கும் செஞ்ச மதர்போர்டு, மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்.னு எதையும் விட்டு வைக்கல.

1990களோட கடைசியில பிராசசருங்க கரண்டை உறிஞ்ச ஆரம்பிச்சதும், கெப்பாசிட்டருக்குள்ள ஊத்தற திரவத்துல தண்ணியோட அளவைக் கூட்டினாங்க. தண்ணி மலிவு, மின்சாரம் நல்லாப் போகும். ஆனா தண்ணி அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதைத் தடுக்கச் சில மருந்துங்களைச் சேர்க்கணும். ஜப்பான்ல ரூபிகான் மாதிரி கம்பெனிங்க இதைச் சரியாச் செஞ்சாங்க.

அப்புறம் நடந்ததா தொழில் பத்திரிகைங்கள்ல 2002, 2003ல வந்த கதை இது: ரூபிகான்ல வேலை பார்த்த ஒருத்தர் ஒரு சீனக் கம்பெனிக்கு மாறிப் போய் அதே மாதிரி திரவத்தைச் செஞ்சார். அங்க இருந்த சிலர் அந்த ஃபார்முலாவை எடுத்துக்கிட்டு வந்து தைவான்காரங்களுக்கு வித்துட்டாங்க, ஆனா அரைகுறையா. பக்கத்து வீட்டு பிரியாணிக் குறிப்பைத் திருடினவன் கடைசிப் பக்கத்தை விட்டுட்டு வந்த மாதிரி. இந்தத் திருட்டுக் கதையை யாரும் உறுதிப்படுத்தல. ஆனா மருந்து சரியா இல்லாத திரவம் ஊத்தின கெப்பாசிட்டருங்க வீங்கினது நிஜம். அபிட்ங்கற போர்டு கம்பெனி வெளிப்படையா ஒத்துக்கிச்சு. நிறையப் பேரு வாயைத் திறக்கல.

இதுல டெல் கதைதான் எனக்குச் சித்தப்பாவை ஞாபகப்படுத்துச்சு. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பின கம்ப்யூட்டருங்கள்ல குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம் இந்த ஆபத்துல இருந்ததுன்னு ஒரு வழக்குல வெளிவந்த ஆவணங்களை வச்சு 2010 ஜூன்ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. (இதுல ஒரு விஷயம்: டெல் பொட்டியில சிக்கல் பண்ணது ஜப்பான் நிச்சிகான் கம்பெனி கெப்பாசிட்டர். அதனால எல்லாப் பழியையும் ஃபார்முலா திருடினவங்க தலையில கட்ட முடியாது.) டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கணிதத் துறை "எங்க பொட்டியெல்லாம் சாகுது"ன்னு கேட்டப்ப, டெல் சொன்ன பதில் என்ன தெரியுமா? நீங்க ரொம்பக் கஷ்டமான கணக்கா போட்டு மெஷினைப் படுத்திட்டீங்கன்னு! கணித வாத்தியாருங்க கிட்டயே. டெல்லுக்காக வாதாடின வக்கீல் ஆபீஸ்லயே 1000 பொட்டி இந்தச் சந்தேகத்துல மாட்டினது தனிக் காமெடி.

டெக்சாஸ்காரன் மேல கணக்கு. போடிக்காரன் மேல கரண்டு. பொருள் செஞ்சவனைத் தவிர எல்லார் மேலயும் பழி போடலாம் போல.

ஆனா ஒரு இன்ஜினியரா கரண்டை அவ்வளவு சுலபமா விடுதலை பண்ணக் கூடாது இல்லையா? மலையடிவாரம், இடி மின்னலுக்குப் பஞ்சமில்ல, வோல்டேஜ் ஏறி இறங்கறதும் உண்மை. அதுக்குச் சாட்சி சித்தப்பாவே எழுதி வச்சிருந்தார். பொட்டியோட சேர்த்துக் கட்டியிருந்த அவரோட சர்வீஸ் நோட்டு. எந்தப் பொட்டி, என்னிக்கு வாங்கினது, என்னிக்கு வந்துச்சு, என்ன கோளாறு, எல்லாம் அவரோட குண்டு குண்டு எழுத்துல.

ராத்திரி உக்காந்து அதை ஒரு டேபிளா போட்டேன். 11ல 8 திரும்பி வந்திருக்கு, எல்லாம் 18லிருந்து 26 மாசத்துக்குள்ள. எட்டுலயும் ஒரே வரிசை: முதல்ல காலையில தகராறு, அப்புறம் நடுவுல ரீஸ்டார்ட், அப்புறம் மரணம். மின்னல் அடிச்சா ஒரே அடியா போகும், அதுவும் எஸ்.எம்.பி.எஸ்.தான் முதல்ல போகும். ரெண்டு மாசம் இழுத்துக்கிட்டு கிடக்காது. சூடாயிட்டா ஓடுறது, ஆறிட்டா மக்கர் பண்றது கெட்டுப் போன கெப்பாசிட்டரோட குணம். யு.பி.எஸ்., ஜெனரேட்டர் ரெண்டும் வச்சிருந்த ஒரு ஏலக்காய் முதலாளியோட பொட்டியும் செத்திருக்கு. ஸ்டெபிலைசர் கூட இல்லாத ஒரு டைப்பிங் சென்டர் பொட்டி, வேற மாடல் போர்டு, ஒரு கோளாறும் இல்ல. செத்ததுக்கெல்லாம் பொதுவா இருந்தது கரண்டு இல்ல, போர்டு.

சூட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. 10 டிகிரி கூடினா இந்த டப்பாவோட ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு. சித்திரை வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ, மர அலமாரிக்குள்ள பூட்டி வச்ச பொட்டி. சூடு சாவை முன்கூட்டிக் கொண்டு வந்திருக்கும். ஆனா நோய் வரும்போதே உள்ள இருந்துச்சு.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ரிச்சி தெருவுல 9 புது கெப்பாசிட்டர் வாங்கிட்டு வந்தேன். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ், 105 டிகிரி தாங்குற லோ ஈ.எஸ்.ஆர். வகை. பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். மதர்போர்டு பல அடுக்கு, சூட்டையெல்லாம் அதுவே குடிச்சிருது, என் 25 வாட் சால்டரிங் அயர்ன் சிரிப்பா சிரிச்சுது. டி.வி. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட 60 வாட் கடன் வாங்கி, பழைய ஈயத்து மேல புது ஈயம் வச்சு இளக்கி, ஒவ்வொண்ணா எடுத்து, மைனஸ் கால் பார்த்து மாத்தறதுக்குள்ள மூணு மணி நேரம்.

பட்டனை அமுக்கினேன். ஃபேன். லைட். ரெண்டு செகண்ட் நெஞ்சு அடைக்கற மாதிரி ஒரு அமைதி.

"பீப்."

திரையில அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்னு பேரு வந்துச்சு. பயாஸ் எழுதற இந்தக் கம்பெனியை 1985ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது சுப்ரமோனியன் சங்கர், பாட் சர்மான்னு நம்ம பக்கத்துப் பேருங்கதான். அதுக்குக் கீழ தேதி தப்புன்னு ஒரு புலம்பல். இது அந்தச் சின்ன வட்ட பேட்டரி செத்ததால வர்றது. 1984ல வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில இருந்துதான் நேரமும் செட்டிங்கும் பேட்டரி தயவுல நிக்க ஆரம்பிச்சது. சி.ஆர்.2032 ஒண்ணு போட்டதும் அதுவும் அடங்கிருச்சு.

எக்ஸ்.பி. வந்துச்சு. கடைசியா சேமிச்ச ஃபைல் ஒரு பில். பாதி அடிச்சு நின்னு போயிருந்துச்சு.

மறுநாள் பைக்ல போடிமெட்டு ஏறினேன். 17 கொண்டை ஊசி வளைவு, மேல போகப் போகக் குளிரு. வீங்கின ஆறு கெப்பாசிட்டரையும் ஒரு தீப்பெட்டிக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். சித்தப்பா ஸ்டோர் வாசல்ல மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தார். எல்லாத்தையும் சொன்னேன், டேபிளைக் காட்டினேன், டெக்சாஸ் கதை வரைக்கும். ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத் தெனமும் பாத்திருக்கேன்ப்பா. டிசைனே இப்பிடித்தான் போலன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நான் போட்டது டூப்ளிகேட் இல்லையே?"ன்னார்.

"இல்ல சித்தப்பா. ஒரிஜினல்தான். ஒரிஜினலே அப்படித்தான் வந்துச்சு."

தலையாட்டினார். "ஜெனரேட்டர் வச்சிருந்தாருல்ல ஒரு முதலாளி, அவரு எங்கிட்ட அப்புறம் பேசவே இல்ல. போன வருசம் தவறிட்டாரு"ன்னுட்டு மூட்டையை விட்ட இடத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சார்.

சித்திகிட்டயும் சொன்னேன். அவங்க பொட்டியைப் பரண்ல ஏத்தலை, இரும்புக்காரனுக்கும் போடல. முன்னறையில ஒரு ஸ்டூல் மேல வச்சிருக்காங்க, மேல ஒரு துணி போட்டு.

டிஸ்கி: உங்க பழைய பொட்டி ஆன் ஆகலைன்னா கரண்டைத் திட்டறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டி டப்பா தலையெல்லாம் தட்டையா இருக்கான்னு பாருங்க. வயரைப் பிடுங்கிட்டுப் பாருங்க. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் தெரியாம திறந்துராதீங்க. வயரைப் பிடுங்கின பிறகும் உள்ள அடிக்கிற அளவு கரண்டு தேங்கி இருக்கும். அப்புறம் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவர் உங்க ஊர்லயே இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.