நாள் தள்ளாத ஊர்

"மலருக்கு நீ ஏதாச்சும் எழுதுப்பா. காரைக்குடி பத்தி, கொஞ்சம் வரலாறு மாதிரி இருக்கட்டும்" என்று சங்கத்து அண்ணன் ஒருவர் போனில் சொன்னார். அவர் எனக்குப் பத்து வருடம் சீனியர், மறுக்க முடியவில்லை. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ஒரு கம்பெனியில் பிளானிங் என்ஜினீயர். எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று சார்ட் போடுவதும், அந்தத் தேதி தள்ளிப் போனதும் வேறு சார்ட் போடுவதும்தான் என் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே கோணத்தில், அதாவது தேதிக் கோணத்தில், நம் ஊரைப் பற்றி எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக் கொள்ளவும்.

முதலில் ஒரு வெட்கக்கேடான விஷயம். எங்கள் செட் (2010-ல் வெளியே வந்தவர்கள்) ஒன்றாகக் கூட வேண்டும் என்று நாலு முறை முயற்சி செய்தோம். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடக்கும். ஒருத்தனுக்கு மே மாதம் லீவு கிடையாது, ஒருத்திக்கு டிசம்பரில் பிள்ளைக்குப் பரீட்சை. எல்லோருக்கும் வசதியான நாள் என்று தேடித் தேடி, ஒரு முறைகூட நாங்கள் கூடவில்லை. ஆனால் நாம் படித்த இந்த ஊரில், யார் வசதியையும் கேட்காமல் குறித்த நாளில் கூடுகிற கூட்டங்கள் வருடம் முழுக்க இருக்கின்றன. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

வருடத்தைச் சுற்றி ஒரு நடை

ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கும். ஆடி பிறந்தால் செட்டிநாட்டு வீடுகளில் கும்மாயம் கிண்டுவார்கள். வறுத்த உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி மாவு, கருப்பட்டி, நெய், அவ்வளவுதான். ஆனால் 'கும்மாயம்' என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. ஹாஸ்டலில் ஒரு டே-ஸ்காலர் நண்பன் டிபன் பாக்ஸில் கொண்டு வந்ததை ஸ்பூன் இல்லாமல் வழித்துத் தின்றோமே, அது ஓர் ஆயிரத்தைந்நூறு வருடத்துப் பெயருள்ள பண்டம்!

ஆவணியில் விநாயகர் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலில் பத்து நாள் விழா. சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில் ஒரே ஒரு ராட்சதக் கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். மார்கழியில் பிள்ளையார் நோன்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தை மாதம் காவடியோடு பழனிக்கு நடை. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்குப் போய்ச் சேரும். இந்த நடைக்கு நானூறு வருடம் என்று சொல்வார்கள். அதே தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. வாடிவாசல் ஜல்லிக்கட்டு போல ஒரே வழியில் விடுவது மட்டுமல்ல. பொட்டலில் நாலாபக்கமும் மாட்டை அவிழ்த்து விடுவார்கள். வேடிக்கை பார்க்கிறவனுக்கும் ஓடத் தெரிந்திருக்க வேண்டும்! ஜீவா ஆசிரமம் நடத்தியதும், 1927-ல் காந்தியடிகள் அவரைத் தேடி வந்ததும் இதே சிராவயலுக்குத்தான்.

பங்குனி வந்தால் ஊரே திருவிழாதான். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், குன்றக்குடியில் பங்குனி உத்திரம், ஊருக்குள் கம்பன் விழா.

இவை எதற்கும் 'இந்த வருடம் என்றைக்கு வைத்துக் கொள்ளலாம்?' என்று யாரும் கமிட்டி போட்டுப் பேசுவதில்லை. நட்சத்திரமோ திதியோ மாதப் பிறப்போ அதைச் சொல்லிவிடும்.

போனவர்கள் திரும்பி வரும் நாள்

ஏன் இந்த ஊரில் நாளுக்கு இவ்வளவு மரியாதை? கோயில் உள்ள ஊர் எல்லாவற்றிலும் பஞ்சாங்கம் உண்டு. ஆனால் காரைக்குடிப் பக்கம் அதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஊரைவிட்டுப் போனவர்களின் ஊர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் லேவாதேவிக்குப் போனார்கள். கடைக்கு அனுப்பப்பட்ட ஏஜென்ட் பொதுவாக மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. போட்ட முதல் பெரும்பாலும் போயிற்று. பர்மா தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் மட்டும் இங்கே நின்றன.

ரங்கூனில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஊரிலிருந்து அழைப்பிதழ் வர வேண்டியதில்லை. பங்குனி உத்திரம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரியும். எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். வர முடியாவிட்டாலும், இன்று இந்நேரம் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று அங்கிருந்தே நினைத்துக் கொள்ளலாம். நாள் மாறாமல் இருப்பது தூரத்தில் இருக்கிறவனுக்குத்தான் பெரிய உதவி. பக்கத்திலேயே இருக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூடிக் கொள்ளலாமே!

கம்பன் அடிப்பொடி போட்ட கணக்கு

இதை நன்றாகப் புரிந்து கொண்டவர் சா. கணேசன் என்று நினைக்கிறேன். விடுதலைப் போராட்ட வீரர். 'கம்பன் அடிப்பொடி' என்று தம்மைச் சொல்லிக் கொண்டவர். 1939-ல் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். முதல் விழாவிலேயே ரசிகமணி டி.கே.சி. வந்து தலைமை தாங்கினார்.

விழா புதியது. ஆனால் அதற்குச் சா. கணேசன் புது நாள் தேடவில்லை. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியது பங்குனி அத்தத்தில் என்பது மரபு. அதையே பிடித்துக் கொண்டார். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். நாலாம் நாள் அத்தத்தன்று சிவகங்கை பக்கம் நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதி என்று போற்றப்படும் இடத்தில். அந்த இடத்து மண்ணை எடுத்துக் குழந்தைகள் நாக்கில் வைக்கும் வழக்கம் இன்றும் அந்தப் பக்கம் உண்டு.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1940-களில் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று மேடை போட்டு விவாதம் நடந்தது. 1943-ல் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் நேருக்கு நேர் வாதாடினார்கள். அப்படிப்பட்ட நாளில் தொடங்கிய விழா, காலப்போக்கில் கம்யூனிஸ்ட் ஜீவாவையும் நீதிபதி மு.மு. இஸ்மாயிலையும் குன்றக்குடி அடிகளாரையும் ஒரே காவியத்துக்காக மேடையேற்றியது. இன்று தொலைக்காட்சியில் பண்டிகை தவறாமல் பார்க்கிற பட்டிமன்றம் வளர்ந்ததும் இந்தக் கம்பன் விழா மேடையில்தான். சென்னை, புதுச்சேரி, இலங்கை என்று கம்பன் கழகங்கள் பிற்பாடு பரவின.

சா. கணேசனின் நேரக் கண்டிப்பு ஊரறிந்தது. அழைப்பிதழில் போட்ட மணிக்கு விழா தொடங்கிவிடும். பேச்சாளருக்குக் கொடுத்த நேரம் கொடுத்ததுதான். அவர் 1982-ல் மறைந்தார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் நாலு பேர் சைக்கிளில் கம்பன் மணிமண்டபத்துக்குப் போனோம். 'கூட்டம் எல்லாம் லேட்டாத்தான்டா ஆரம்பிப்பாங்க' என்று டீ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால், முதல் பேச்சு பாதி முடிந்திருந்தது. அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அவருடைய கடிகாரம் ஓடிக் கொண்டிருந்தது. நான் பிளானிங் படித்த முதல் வகுப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நம் கல்லூரியே அதே மண்ணில் வந்ததுதானே! வள்ளல் அழகப்பர் கலைக் கல்லூரியை 1947-ல் தொடங்கினார். 1952-ல் நம் பொறியியல் கல்லூரி. சிக்ரி ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1957-ல் தம் 48-ஆவது வயதில் காலமாகிவிட்டார். 'அடுத்த வருடம் பார்த்துக் கொள்ளலாம்' என்று அவர் நினைத்திருந்தால் நாம் யாரும் இங்கே படித்திருக்க மாட்டோம்.

ஆச்சி வீடு

இறுதியாண்டில் ஹாஸ்டலை விட்டு வந்து, ஊருக்குள் ஒரு பெரிய பழைய வீட்டின் வெளி அறையில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அதில் ஓர் ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு.

கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாளை ஒட்டி, சஷ்டியும் சதயமும் சேருகிற அன்று பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து இருபத்தோரு இழை எடுத்துத் திரியாக்கி, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் அதை எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் சுடரோடு வாயில் போட்டுக் கொள்வார்கள். முன்னோர் கடலில் புயலில் சிக்கி, நாளை மறக்காமலிருக்க வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை எடுத்து வைத்தார்கள் என்று ஆச்சி கதை சொன்னார். நாள்காட்டி இல்லாத இடத்தில் நூலே நாள்காட்டி!

அன்று இழை எடுத்துக் கொடுக்க அடுத்த தெருவிலிருந்து பங்காளி வீட்டுப் பெரியவர் வந்தார். நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். எங்களுக்குப் பொரியும் வெள்ளைப் பணியாரமும் கிடைத்தன. அளவு கேட்டேன். "உழக்குல பச்சரிசிய தலைதட்டி அள்ளிக்க தம்பி. அதுமேலயே கோபுரமா நிக்கிற அளவுக்கு உளுந்தப் போடு. நிக்காமச் சரிஞ்சு விழுந்தா அதுதான் அளவு" என்றார். கிராம் தராசு வேண்டாத இந்த அளவை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வேலைக்குப் போன பிறகு பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வேன். "நோம்புக்கு வாங்கன்னேனே, ஏன் வரல?" என்பார். "இந்த வருஷம் பிராஜெக்ட் ஆச்சி, அடுத்த வருஷம் கட்டாயம்." பத்து வருடம் இதையே சொன்னேன். ஒரு முறை சிரித்துக் கொண்டே, "நாளு நம்மளப் பாத்து வராது தம்பி, நாமதான் நாளப் பாத்து வரணும்" என்றார்.

2021-ல் ஆச்சி காலமாகிவிட்டார். எனக்குத் தகவல் தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. அடுத்த மார்கழியில் போனேன். கதவில் பூட்டு. திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

நமக்கு ஒரு நாள்

நாள் மாறாத விழாவும் நின்று போகும். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை வந்து, 2017-ல் மாணவர்கள் தெருவில் நின்று சட்டம் திருத்தப்பட்டு, 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கும் வரை மஞ்சுவிரட்டுக்கு நிம்மதி இல்லை. 2020 பங்குனி உத்திரம் ஊரடங்குக்குள் வந்து, கோயில்களில் பக்தர்களே இல்லாமல் போயிற்று. ஆனால் தடை நீங்கியதும் 'மறுபடி என்றைக்கு?' என்ற கேள்வியே எழவில்லை. நாள் தயாராக இருந்தது; ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் செட்டுக்கோ ஒரு தடையும் இல்லை. நாள்தான் இல்லை.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. படிக்கிற தம்பி, தங்கைகளே, மாலையில் போனை வைத்துவிட்டு ஒரு முறை ஊருக்குள் போய் வாருங்கள். அழைப்பிதழ் தேவையில்லை, பஞ்சாங்கம் போதும். நாலு வருடம் வேகமாக ஓடிவிடும்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சந்திப்பை எல்லோர் வசதியையும் கேட்டு வைக்க வேண்டாம். பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் என்று ஒரே அடியாக அறிவித்துவிடுங்கள். மறுநாள் குன்றக்குடிக்குப் போகிறவர்கள் போகலாம், கம்பன் விழாவுக்குப் போகிறவர்கள் போகலாம். முதல் வருடம் பத்துப் பேர் வந்தாலும் பரவாயில்லை. துபாயில் இருக்கிறவனும் டல்லாஸில் இருக்கிறவளும், வர முடியாத வருடத்தில்கூட, 'இன்னைக்கு அங்க கூடியிருப்பாங்க' என்று நினைத்துக் கொள்ள ஒரு நாள் இருக்கும்.

சங்கம் முடிவு செய்யும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு நம் கல்லூரி வாசலில் நிற்பேன். வெள்ளைப் பணியாரம் என் செலவு. பத்து மணி என்றால் பத்து மணி.